மெத்தையில் வைத்த மைதானம்

மணி மூன்றேகால். நாலு மணிக்கு அவர் கூப்பிடுவார். கப்பல் இலங்கைக்குத் தெற்கே கடக்கும்போது ஒரு மணி நேரம் டவர் கிடைக்கும் என்று முந்தாநாளே மெசேஜ் வந்துவிட்டது, கூடவே தன் அணி எப்படி நிற்கவேண்டும் என்று ஒரு வாய்ஸும். "ஏட்டி பியூலா, முப்பத்திரெண்ட நடுவுல வையி. தடியன் ரெண்டு பேரையும் அவனுக்கு முன்னால நிறுத்து. ஏழ மட்டும் ஓரமாப் போட்டுரு, கிறுக்குப்பய அவன்பாட்டுக்குச் சுத்தட்டும்." நிறுத்திவிட்டேன். முப்பத்திரண்டு நடுவில், தடியன்கள் முன்னால், ஏழு ஓரத்தில். அவருடைய நீலச்சட்டைக்காரர்கள் பதினோரு பேர், என்னுடைய மெரூன்காரர்கள் பதினோரு பேர், என் நகப்பாலிஷில் குளித்தவர்கள். எல்லாரும் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள். விட்டால் இப்போதே பாய்ந்துவிடுகிற மாதிரி குனிந்து நிற்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் போதும். தட்டவில்லை. போர்டு கட்டில்மேல், மெத்தையில் இருக்கிறது. வழக்கமாகத் தரையில்தான் வைப்பேன். மகள் எப்சி வாசல் நிலைக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டரை வயதில் என்ன பொறுமை. காலையிலும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். இதே இடம், இதே கிளிப்பு. வேண்டாம், காலையைப் பற்றி இப்போது வேண்டாம். முக்கால் மணி நேரம் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஒரு சாம்பாரே வைத்து இறக்கிவிடலாம்.

இந்த விளையாட்டைப் பற்றி யாரிடம் சொன்னாலும் சிரிக்கத்தான் செய்வார்கள், நானும் கல்யாணமான புதிதில் சிரித்தேன். அவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில், கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில், குப்பைக்குப் போக வைத்திருந்த பழைய சாமானில் இதைப் பார்த்திருக்கிறார். பச்சை பெயிண்ட் அடித்த தகரம், மேலே வெள்ளைக் கோடு கோடாக, அடியில் ஒரு மோட்டார். அவர் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முந்தின சாமான். அங்கே உள்ள மின்சாரத்துக்குச் செய்த மோட்டாரைக் கழற்றிவிட்டு நம்மூர் கரண்டுக்குத் தக்கதாக வேறு போட்டார். சுவிட்சைத் தட்டினால் தகரம் அதிரும். அந்த அதிர்வில் இந்தக் குட்டி ஆள்கள் தானாக ஓடுவார்கள், ஒவ்வொருவன் காலடியிலும் பல் துலக்கும் பிரஷ் மாதிரி நாலு பிளாஸ்டிக் முடி உண்டு, அதன் சாய்வுதான் அவனுக்குப் புத்தி. நேராகச் சாய்த்தால் நேராக ஓடுவான், கோணலாய்ச் சாய்த்தால் கோணலாய் ஓடுவான். பந்து வைத்திருக்கிறவன் நாலு தடவைக்குள் பத்து கெஜம் தாண்டவேண்டும், பத்து கெஜமென்றால் போர்டில் நாலு விரல்கடை. அமெரிக்காக்காரர்களின் கால்பந்தாம், கால்பந்து என்றுதான் பெயர், காலால் உதைப்பதே அபூர்வம். "இத விளையாடவா கப்பலேறிப் போனீங்க" என்று கேட்டேன். "நீ ஒரு தடவை ஆடிப் பாரு" என்றார். ஆடிப் பார்த்தேன். புருவம் எடுக்கிற பிளக்கரால் அந்த முடியை மயிரிழை வளைத்தால் போதும், எங்கேயோ போகிறவன் நேரே போவான். அது எனக்கு வந்தது. அவருக்குக் கூட அவ்வளவு வராது. கப்பலில் ஒன்பது மாதம் இருக்கும்போது அவர் வாய்ஸில் ஆள் நிறுத்துவார், நான் இங்கே நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, யார் எங்கே போனான் என்று சொல்லுவேன். பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இந்தத் தடவை ஜெயித்தது நான் நாலு, அவர் ரெண்டு. ஏழாம் நம்பரை மட்டும் எவராலும் திருத்த முடியவில்லை. எத்தனை தடவை முடியைச் சாய்த்தாலும் ரெண்டு அடி நேராக எடுத்து வைப்பான், பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி நின்று, தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிடுவான். மற்ற இருபத்தொரு பேரும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்த பிறகும் அவன் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பான். காலையிலிருந்து நான் அப்படித்தான்.

சோறு வடித்தேன். முட்டை பொரித்தேன். எப்சிக்கு ஊட்டினேன். துணி காயப்போட்டேன். எல்லாம் நேராகத்தான் போனது, ரெண்டு அடி. பிறகு அந்த இடம் வந்துவிடுகிறது. எங்கள் வீடு பழைய வீட்டின் மச்சு, தரை முழுக்க மரப்பலகை. கீழே ஹெலன் மதினி, அவருக்கு அக்காள். போர்டைத் தரையில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் பலகை முழுக்க உர்ரென்று அதிர்ந்து மதினி வீட்டுக் கூரையில் தூசி உதிரும். ஒட்டடைக் கம்பால் கீழேயிருந்து இடிப்பாள். "ஏளா பியூலா, மாவு மில்லு வச்சிருக்கியா? அரைக்கப் போடட்டா ரெண்டு கிலோ?" என்று கத்துவாள். அந்த உர் கிளம்பியதுமே எங்கே இருந்தாலும் எப்சி ஓடி வந்துவிடுவாள். அடுக்களையில் இருந்தாலும் சரி, பின்பக்கம் படிக்கட்டில் இருந்தாலும் சரி. ஓடி வந்து குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, கண்ணை மூடிச் சிரிப்பாள். அதை வீடியோ எடுத்து அனுப்பாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "பாம்புக்காதுளா உன் பிள்ளைக்கு" என்று மதினி சொல்லுவாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை பாம்பு புகுந்தது. எட்டாம் வகுப்பு. எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சுமேல் ஏறி நின்று அலற, சத்துணவு சமைக்கிற ஜெயக்கொடி அக்கா கரண்டியோடு வந்து, "கத்தி என்னளா செய்ய, அதுக்குக் கேக்கவா போவுது? தரையில உள்ளவ கால அசைக்காம நில்லுங்க. அது வயித்தாலதான் கேக்கும்" என்றாள். நான் தரையில் நின்றிருந்தேன். அசையாமல் நின்றேன். பாம்பு என் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. இதை எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். மதினி பாம்புக்காது என்று சொன்னபோதெல்லாம் கூடவே சிரித்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே.

காலையில் தரை துடைத்தேன். ஈரம். ஏழாம் நம்பருக்கு நேற்று ராத்திரி புதுசாய் ஒரு சாய்வு கொடுத்திருந்தேன், அதைச் சோதிக்காமல் இருப்புக்கொள்ளவில்லை, போர்டைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன், இலவம்பஞ்சு மெத்தைமேல். ஈரத்தில் மிதிக்காமல் நானும் காலை மடக்கிக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டேன். சுவிட்சைப் போட்டேன். உர்ரென்றது, எப்போதும் போல, மெத்தையில் கொஞ்சம் மழுங்கல், அவ்வளவுதான். ஏழு ரெண்டு அடி போய்ச் சுற்ற ஆரம்பித்தான். நான் எப்சியைப் பார்த்தேன். ஆறடி தூரம். முதுகு. கிளிப்பு. திரும்பவில்லை. வேகம் கூட்டுகிற திருகைத் திருப்பினேன், போர்டு அலறியது, ஆள்களெல்லாம் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தார்கள். திரும்பவில்லை. "எப்சி" என்றேன். "ஏளா எப்சிம்மா." திரும்பவில்லை. முதலில் சிரித்தேன், சத்தியமாக. அம்மாட்ட கோவமாளா என்று கேட்டேன். பிறகு கட்டிலிலிருந்து காலை இறக்கி ஈரப்பலகையில் ரெண்டு தட்டுத் தட்டினேன், எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. உடனே திரும்பினாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. நான் எப்போதும் தரையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன். கோழி விரட்டி வளர்ந்த காலல்லவா, வாய் திறக்கும் முன்னால் காலுக்கு அவசரம். ரெண்டரை வருஷமாக வாய் கூப்பிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால்தான் கூப்பிட்டிருக்கிறது.

குக்கர் விசில் அடித்தால் பார்க்கிறாளே. பார்க்கிறாள், விசிலுக்கு நான் எழுந்திரிப்பேன், அதைப் பார்க்கிறாள். மதினி மகன் பைக்கில் வந்தால் படிக்கு ஓடுகிறாளே. அந்தப் பைக்கை வாசலில் ஏற்றினால் வீடே ஆடும். கதவு அடித்தால் தூக்கத்தில் திடுக்கிடுகிறாளே. கதவு எந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது, அதே பலகைச் சட்டத்தில். ஒவ்வொரு சாட்சியாய்க் கூப்பிடுகிறேன், ஒவ்வொருத்தனும் வந்து என் பக்கம் நிற்கிற மாதிரி நின்று எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். ராத்திரி பாட்டுப் படித்துத்தான் தூங்க வைப்பேன். கையை என் தொண்டையில் வைத்துக்கொள்வாள். பாட்டு நின்றால் கண் திறப்பாள், திரும்பப் படித்தால் மூடுவாள். இதைப் பற்றி அவருக்கு எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன், பிள்ளை என் கழுத்தைப் பிடித்தால்தான் தூங்குகிறாள், அவ்வளவு பாசம் என்று. அந்தக் கை பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் காக்கா கதை, சோறு ஊட்டும்போது சொன்ன அத்தனை கதை, அப்பா வருவாங்க, கப்பல்ல வருவாங்க, பொம்மை கொண்டு வருவாங்க. ஒரு வார்த்தைகூடவா? எப்சிபா என்று பெயர் வைத்தோம், வேதத்தில் தேடித் தேடி, மூன்று நாள் சண்டை போட்டு. தன் பெயர் இதுதான் என்று அவளுக்குத் தெரியாது. தனக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐயோ, கிளிப்பைக் கோத்துக்கொண்டிருக்கிறாள், எவ்வளவு ஒழுங்காய், ஒரு மஞ்சள் ஒரு சிவப்பு.

மணி மூன்று நாற்பது. அவருடைய ஆட்டம் முடிந்ததும் அளக்கவேண்டியிருக்கும், அளவுக்கார்டை எடுத்து வைத்தேன். நாலு விரல்கடை நீளத்துக்கு வெட்டிய ரோஸ் அட்டை. ரெண்டரை வருஷமாக இதை வைத்துத்தான் பத்து கெஜம் அளக்கிறேன், ஓரமெல்லாம் நைந்துவிட்டது. இதன் பின்பக்கம் எழுத்து இருப்பது தெரியும், படித்ததில்லை, ஏனென்றால் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியும். இன்றைக்குப் படித்தேன். "காது பரிசோதனைக்கு மீண்டும் வர வேண்டிய" என்பதோடு கத்தரி போய்விட்டது. எப்சி பிறந்த மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து அவள் காதில் சின்னக் குமிழ் மாதிரி எதையோ சொருகிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் சரியாக் காட்டல. காதுக்குள்ள ஈரம் இருந்தாலும் இப்பிடித்தான் காட்டும், பயப்படாதீங்க. ஒரு மாசம் கழிச்சு இந்தக் கார்டோட வாங்க" என்றாள். ஒரு மாதம் கழிவதற்குள் அவருக்குக் கப்பல் வந்துவிட்டது. போவதற்கு முந்தின சாயங்காலம் கடைசியாய் ஒரு ஆட்டம் போட்டோம், பிள்ளை பாயில் பக்கத்தில் கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் ரெண்டு கையும் விரிந்து துள்ளியது, கண் இவ்வளவு பெரிதாக. "ஏட்டி பாத்தியா! துள்ளுதா பாரு! காதுல ஈரமாம்!" சுவிட்சை அணைத்தார், திரும்பப் போட்டார், திரும்பத் துள்ளியது. எத்தனை தடவை போட்டோம். நான் சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றில் தையல் வலித்தது. பத்து கெஜம் அளக்க நூல் வைத்திருந்தோம், அது இழுத்தால் நீளும், அதில் தினமும் சண்டை. "இது நல்ல கெட்டி அட்டையா இருக்கே" என்று அவர்தான் கத்தரிக்கோலை எடுத்தார். நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன்.

பிறகு மூன்று தடவை கேட்டார்கள். ஒன்பதாம் மாதம் ஊசி போடும்போது நர்ஸ் கேட்டாள், சத்தத்துக்குத் திரும்புதா? ஆமா. ஒன்றரை வயதில் கேட்டாள். ஆமா. போன மாதம் அங்கன்வாடியில் டீச்சர், ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "பேச்சு வரலையேம்மா, ஒருக்க ஆஸ்பத்திரில காட்டிருங்க. இருந்துச்சுன்னா சீக்கிரம் பாக்கணும், வருசம் போகப்போக பேச்சுக் கொண்டுவாரது கஷ்டம்" என்றாள். "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாங்களாம், எங்க மதினி சொல்லுவா. எங்க பிள்ளைக்குக் காதெல்லாம் கூர்ப்பு, நாங்க வீட்டுல மெஷினு போட்டா தெருவுல இருந்தே ஓடி வருவா" என்றேன். அங்கே இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் வருவேன். டிக் போட்டாள். அந்தப் பேனா முனை தாளில் திரும்பிய சத்தம்கூட இப்போது கேட்கிறது எனக்கு. எனக்கு எல்லாம் கேட்கிறது. கடிகாரம் கேட்கிறது. கீழே மதினி தேங்காய் துருவுவது கேட்கிறது. எப்சி கிளிப்பை அமுக்கும்போது வருகிற டிக் கேட்கிறது. போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்கிறது.

நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அதில் ஒன்றும் யோசிக்க இல்லை. பால் பாட்டில், மாற்றுத்துணி, ஆதார், எல்லாம் பையில் போட்டுவிட்டேன். கார்டு கேட்டால் என்ன காட்டுவேன் என்பது வேறு விஷயம். இப்போது என் முன்னால் இருப்பது இந்தப் போர்டு. இதைத் தூக்கித் தரையில் வைத்தால் முடிந்தது. ஓடி வருவாள், சிரிப்பாள், அவர் அங்கே ஃபோனில் அந்தச் சிரிப்பைக் கேட்பார், இன்னும் மூன்று மாதம் நிம்மதியாக வேலை பார்ப்பார். நடுக்கடலில் இறங்கி வரமுடியுமா? அடுத்த தடவை டவர் எப்போது என்று யாருக்குத் தெரியும், பத்து நாளோ பதினைந்து நாளோ. அதுவரை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்ஜின் ரூமில் ஆளுயரக் கரண்டுப் பெட்டியைத் திறந்து வயருக்குள் கையை விடுகிற மனுஷன். ஒரு நொடி நினைப்பு தப்பினால்? கத்தரிக்கோல் தன் கையில்தான் இருந்தது என்பது ஞாபகம் வந்தால்? வராமல் இருக்குமா, எனக்கு வந்த மாதிரி? தரையில் வை, பியூலா. ஆள்கள் சரிந்தால் திரும்ப நிறுத்திக்கொள்ளலாம், அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். முப்பத்திரண்டு சாய்ந்தான். ரெண்டு அடி நடந்தேன். அப்புறம் என்ன, அவரும் கேட்பார், வந்துட்டாளா என்று, நானும் ஆமா என்பேன், இது எத்தனையாவது ஆமா? போர்டைத் திரும்ப மெத்தையில் வைத்தேன். வைத்துவிட்டு முப்பத்திரண்டை நிமிர்த்தினேன். தடியன்களைச் சரிசெய்தேன். திரும்பத் தூக்கினேன். திரும்ப வைத்தேன். தரையில் நின்ற என் கால் பலகையில் இடித்ததோ என்னவோ, எப்சி திரும்பிப் பார்த்தாள். சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. அலமாரியில் இருந்தது, உச்சச் சத்தத்தில். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு தடவை, கடைசியாய், ஆண்டவரே. மஞ்சள் கிளிப்பு. சிவப்புக் கிளிப்பு. ஆறு தடவை அடித்த பிறகு எடுத்தேன்.

"ஏட்டி, எங்க போன? வீடியோ ஏறாது போல, பேச மட்டும்தான் செய்யலாம். நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேங்க."

"ஏழு?"

"ஓரத்துல."

"என்ன கொரலு ஒருமாதிரி இருக்கு? தோக்கப் போறோம்னு பயமா? எங் கேப்டன் முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்கா. கிளிப்பு வச்சு விளையாடுதா."

"அப்பம் போடு. ஃபோன பக்கத்துல வையி, சத்தம் கேக்கணும் எனக்கு."

காலை மடக்கிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். ஃபோனைத் தலையணையில் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். முப்பத்திரண்டு கிளம்பினான், தடியன்கள் என் ஆள்கள் ரெண்டு பேரை ஒதுக்க, அந்தச் சந்தில் புகுந்து ஒரே நேராகப் போனான், பத்து கெஜம், இருபது, யாரும் தொடவில்லை, நேரே கடைசிக் கோட்டைத் தாண்டித் தகர விளிம்பில் முட்டி நின்று அதிர்ந்துகொண்டிருந்தான். அவர் வாழ்நாளில் ஆடின ஆட்டத்திலேயே இதுதான் நல்ல ஆட்டம். ஓரத்தில் ஏழு சுற்றிக்கொண்டிருந்தான்.

"கேக்குட்டி, நல்லாக் கேக்கு!" என்று அங்கேயிருந்து கத்தினார். "போயிட்டானா? முப்பத்திரெண்டு போயிட்டானா?"

"போயிட்டாங்க. கோட்டைத் தாண்டிட்டான்."

"அப்பிடிப் போடு! கேப்டன் ஓடி வந்துட்டாளா? அவட்ட சொல்லு, அப்பா ஜெயிச்சிட்டான்னு. வந்துட்டாளா?"

அந்த ஆமா தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எப்சி கை வைத்துக்கொள்கிற இடம் வரைக்கும்.

"வரலைங்க" என்றேன்.

"ஏன், தூங்குதாளா?"

"இல்ல. போர்டு மெத்தையில இருக்கு. அவ இங்கனதான் இருக்கா. ஆறடி தள்ளி. வரலை."

"மெத்தையில இருந்தா என்னட்டி?" என்று சிரித்தார். "எனக்கே இங்க கேக்கு, கடலுக்குள்ள…"

மோட்டார் வேலை தெரிந்த மனுஷன், அவருக்கு நான் விளக்க ஒன்றுமில்லை. அவர் பக்கத்து இன்ஜின் சத்தம் எனக்குக் கேட்டது. என் பக்கத்துப் போர்டுச் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை அணைக்கச் சொல்லவில்லை, நான் அணைக்கவுமில்லை. எப்சி இன்னொரு மஞ்சள் கிளிப்பைக் கோத்தாள்.